எப்போதும் 6.0 காட்டிய பெட்டி

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. சி மொழிக்கான ஒரு கம்பைலரின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. முன்கூட்டி அறிவிக்காத ஒரு ஃபங்ஷனை யாராவது அழைத்தால், இதுவரை அது ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். புதிய பதிப்பு, பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் பலருக்கும் நின்றுபோயின.

கணினித் துறையில் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். புரோகிராமின் ஒரு பகுதிக்குப் பெயர் வைத்து, வேண்டும்போது அந்தப் பெயரைச் சொல்லி வேலை வாங்குகிறோம். அதுதான் ஃபங்ஷன். அறிவிப்பது என்றால், வேலை வாங்குவதற்கு முன்னால், இந்தப் பெயரில் ஒன்று இருக்கிறது, இது இன்ன வகை விடையைத் தரும் என்று ஒரு வரி எழுதிவைப்பது. நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர்.

குழுவில் பெரும்பாலோர் எரிச்சலில் இருந்தார்கள். மற்ற மொழிகள் இப்படியா கேட்கின்றன, ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்றார்கள். ஒருவர், இதைப் பழையபடி எச்சரிக்கையாக மாற்ற வழியுண்டா என்று கேட்டார். உடனே வேறொருவர் அதற்கான ஒரு வரியை எழுதிப் போட்டார். கட்டைவிரல் படங்கள் வந்து விழுந்தன. எதையும் சொல்லாமல் இருந்த என்னிடம் நம் ஓய்வுபெற்றோர் சங்க இதழின் ஆசிரியர் தனியாகக் கேட்டார்: ஒரு மொழி இதைக் கட்டாயமாக்கலாமா கூடாதா, உங்கள் கருத்து என்ன? எனக்குக் கருத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நடந்த ஒன்று இருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தவள் அல்ல. சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராகச் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே கற்றது இரண்டு விஷயம். செய்தியில் ஒரு பெயர் முதல்முறை வரும்போது அவர் யார் என்று சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. அடுத்தடுத்து வரும் செய்திகளில் ஓர் எண் மாறாமல் இருந்தால், நிருபருக்குப் போன் செய்ய வேண்டும். பிறகு ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்து, செங்கல்பட்டில் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் கையேடு எழுதச் சேர்ந்தேன். எழுதுவதற்காகக் கருவிகளைப் புரிந்துகொள்ளப் போய், புரோகிராம்களைப் படிக்கப் பழகி, சோதனைப் பிரிவில் ஓய்வு பெற்றேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி வேதாசலம். திருக்கழுக்குன்றத்துக்காரர். தினமும் மொபெட்டில் வருவார். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சிறிய எவர்சில்வர் அடிக்கோல் இருக்கும். புரோகிராமைத் திரையில் படிக்கமாட்டார். காகிதத்தில் அச்செடுத்து, அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். தவறு கண்டால் தவறு என்று சொன்னதில்லை. அடிக்கோலை அங்கேயே நிறுத்திவிட்டு, எழுதியவரை அழைத்து, "இது எங்கேருந்து வருது?" என்பார். எழுதியவர் தானே கண்டுபிடிக்கும்வரை அடிக்கோல் நகராது. சிலருக்கு இது சித்திரவதை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அறிவிப்பு வரிகளை அவர் விரும்பியதில்லை. ஃபங்ஷனை ஓரிடத்தில் மாற்றுவோம், அறிவிப்பை மாற்ற மறந்துவிடுவோம், பிறகு படிப்பவன் பழைய அறிவிப்பை நம்பி ஏமாறுவான் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் சேர்வதற்கு முன்பே எழுதப்பட்ட புரோகிராம்களில் பல ஃபங்ஷன்களுக்கு அறிவிப்பே கிடையாது. கம்பைலரை ஓட்டினால் எச்சரிக்கைகள் திரை திரையாக ஓடும். அந்தக் கூட்டத்தில் உண்மையான பிழை கண்ணில் படாமல் போகிறது என்று, எச்சரிக்கைகளை மட்டும் காட்டாமல் மறைக்கும் ஒரு சொல்லைக் கம்பைலரை ஓட்டும் கட்டளையில் அவர் சேர்த்தார். எச்சரிக்கைகளுக்கு அலுவலகத்தில் 'இரைச்சல்' என்று பெயர். புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இரைச்சலை எப்படி அடைப்பது என்பதைத்தான்.

எங்கள் கருவிகளில் ஒன்று இறால் பண்ணைகளுக்கானது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் போனால், கடலுக்குள் குழாய் போட்டுத் தண்ணீர் இழுக்கும் நீளமான கொட்டகைகள் தெரியும். இறால் வளர்க்கிற குளங்களுக்கு அங்கே குஞ்சு பொரித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஹேச்சரி என்பார்கள். தொட்டித் தண்ணீரில் எந்நேரமும் காற்று கொப்பளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அந்தக் குஞ்சுகள் கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும். சூடு இறங்காமல் இருக்கத் தொட்டிகளைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடியிருப்பார்கள். நினைத்தபோது திறந்து பார்க்க முடியாது. அதனால்தான் எங்கள் பெட்டி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து முகப்பில் எண்ணாகக் காட்டும். நான்குக்குக் கீழே போனால் சைரன் அடிக்கும். சைரனை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பண்ணைக்காரர்கள் அதைப் 'பொட்டி' என்பார்கள். பொட்டி ஆறு காட்டினால் ஆள் நகரலாம். அந்தக் கரையில் அதுதான் பழக்கம்.

முதலில் பெட்டி முழு எண் மட்டும்தான் காட்டியது. நான்குக்கும் நான்கேமுக்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தசமம் வேண்டும் என்று பண்ணைகள் கேட்டன. நியாயமான கோரிக்கை. எங்கள் பொறியாளர் ஒருவர் சராசரி கணக்கிடும் ஃபங்ஷனைத் திருத்தினார். முழு எண்ணாகத் தந்த விடையைத் தசம எண்ணாகத் தரும்படி மாற்றினார். சுத்தமான திருத்தம், நான் பிறகு பலமுறை படித்துப் பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. காற்று ஓடும் ஒரு வாளித் தண்ணீரில் சோதித்தார்கள். 6.0 காட்டியது. காற்றோட்டமுள்ள தண்ணீர் அவ்வளவுதான் காட்ட வேண்டும். பண்ணைகளுக்குப் போய்விட்டது.

அப்படி வாங்கிய பண்ணைகளில் ஒன்றின் முதலாளி, மதுராந்தகத்தில் நெல் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்; முதுகில் அடிபட்ட பிறகு பண்ணைக்கு வந்தார். மனைவியோடு பண்ணைக்குள்ளேயே ஓர் அறையில் குடியிருந்தார். மகன் மாமன் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மதியம் மின்சாரம் போய் வந்தது. காற்றடிக்கும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியபோது, அந்த உதைப்பில் ஒரு கொட்டகைக்குப் போகும் காற்றுக் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. இயந்திரத்தின் சத்தம் வழக்கம்போல் கேட்டது. ஏழுமலை பெட்டியைப் பார்த்தார். 6.0. சாப்பிடப் போனார். திரும்பி வந்து மூலையில் குழாய் சீறுவதைக் கேட்டு ஓடிப்போய் மாட்டினார். தார்ப்பாயை நீக்கியபோது அந்தக் கொட்டகைத் தொட்டிகளில் உயிர் இல்லை.

முதலாளி வந்தபோது காற்று ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி 6.0 காட்டியது. பெட்டி சரியாக இருக்கிறது; அப்படியானால் காற்று நின்றபோது சைரன் அடித்திருக்க வேண்டும்; அடித்ததை யாரோ அமுக்கியிருக்க வேண்டும்; அங்கே இருந்தது ஒரே ஆள். எங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு பழுதுபார்ப்பவர் போனார். சைரனைச் சோதிக்கும் சாவியைத் திருப்பினார், அடித்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சாவி சைரனுக்கு நேராக மின்சாரம் கொடுப்பது. அதற்கும் அளவீட்டுக்கும் தொடர்பே இல்லை.

முதலாளி போலீசுக்குப் போவதாகச் சொன்னார். அந்தக் கரைப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் சொல்லியனுப்பிவிட்டார். பெட்டியை அமுக்கிவிட்டுத் தூங்குகிறவன் என்ற பெயரோடு ஏழுமலைக்கு வேறு எந்தப் பண்ணையிலும் வேலை கிடைக்காது. முதுகு அப்படி இருக்கையில் கடலுக்கும் போக முடியாது.

எங்களுக்கு இது எதுவும் அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு வாடிக்கையாளரிடம் நஷ்டம், பெட்டி காரணமல்ல என்பதுதான். போய்வந்த பழுதுபார்ப்பவர் சாப்பாட்டு மேசையில் வேடிக்கையாக ஒன்று சொன்னார்.

"பொட்டி கீது பாருங்க, சாமி படம் மாறி. காலைல ஆறு, மத்தியானம் ஆறு, நான் பாத்துகினே இருந்தேன், அப்பவும் ஆறு. புள்ளிக்கு அப்பால கூட அசையல."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரில் காற்று கொப்பளிக்கிறது, வெயில் ஏறி இறங்குகிறது, ஓர் அளவு மட்டும் அசையாமல் நிற்கிறது. போன் செய்ய வேண்டிய செய்தி இது.

அலுவலகத்தில் அதே போன்ற ஒரு பெட்டி இருந்தது. பெட்டியோடு கம்பியால் இணைந்த உணர்கருவியை வாளித் தண்ணீரில் வைத்தேன். 6.0. தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். 6.0. உணர்கருவியின் கம்பியைப் பெட்டியிலிருந்தே பிடுங்கினேன். 6.0.

வேதாசலத்தைக் கூப்பிட்டேன். கம்பி கையில் தொங்குவதையும் முகப்பில் இருக்கும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். போய்ச் சராசரி ஃபங்ஷனை அச்செடுத்து வந்தார். அடிக்கோல் இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. சராசரிக்கு எத்தனை அளவுகளைக் கூட்டுகிறோம் என்ற வரி. ஆறு.

"இத பத்தாக்குங்க" என்றார்.

பத்தாக்கினேன். பெட்டி 10.0 காட்டியது.

நடந்தது இதுதான். எண்ணை முகப்பில் காட்டும் பகுதி வேறொரு கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பில் சராசரி ஃபங்ஷனுக்கு அறிவிப்பு இல்லை. அறிவிப்பு இல்லாவிட்டால் அந்த நாள் சி மொழி தானாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும்: இது முழு எண் தரும். முன்பு உண்மையிலேயே முழு எண்தான் தந்தது என்பதால் ஊகம் பலித்துக்கொண்டிருந்தது. திருத்தத்துக்குப் பிறகு ஃபங்ஷன் தசம எண் தந்தது. பெட்டிக்குள் இருந்த சிறு கணினியில் தசம விடையை வைக்கும் இடம் வேறு, முழு எண் விடையை வைக்கும் இடம் வேறு. ஃபங்ஷன் சரியான விடையைத் தசமத்துக்கான இடத்தில் வைத்தது. விடையைக் கேட்ட பகுதி முழு எண்ணுக்கான இடத்தில் போய்ப் பார்த்தது. அங்கே கடைசியாகக் கிடந்தது, எத்தனை அளவுகளைக் கூட்டினோம் என்ற எண்ணிக்கை. அது ஆறு. இறால் குஞ்சுக்கு ஆறு நல்ல எண். மூன்று அளவுகளைக் கூட்டியிருந்தால் முதல் நாளே சைரன் அலறியிருக்கும், முதல் நாளே கண்டுபிடித்திருப்போம்.

வேதாசலம் தன் இடத்தில் உட்கார்ந்து, தான் சேர்த்த அந்த மறைக்கும் சொல்லைக் கட்டளையிலிருந்து நீக்கினார். கம்பைலரை ஓட்டி, வந்த எச்சரிக்கைகள் முழுவதையும் அச்செடுக்கச் சொன்னார். தடித்த கட்டு வந்தது. அடிக்கோலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். யாரையும் அழைக்கவில்லை. மாலை அலுவலகம் காலியாகும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினார். இந்த ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை, முழு எண் தருவதாக எடுத்துக்கொள்கிறேன் என்று கம்பைலர் எழுதியிருந்தது. கோப்பின் பெயரும் வரியின் எண்ணும் பக்கத்திலேயே இருந்தன.

"ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கு மேடம். நான்தான் வாயை மூடிட்டேன்" என்றார். பிறகு, "அந்தப் பண்ணையில ஆள் யாரு?" என்று கேட்டார். மறுநாள் பழுதுபார்ப்பவரிடம் விசாரித்தபோதுதான், சைரனை அமுக்கியதாக ஏழுமலை மேல் பழி விழுந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

அவர் நினைத்திருந்தால், பெட்டிகளுக்குப் புதிய பதிப்பு என்று ஒன்றைப் போட்டுவிட்டு இருந்துவிடலாம். நிர்வாகம் அதைத்தான் சொன்னது. அவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனார்.

முதலாளி மரியாதையாக உட்காரவைத்தார். வேதாசலம் ஃபங்ஷன், அறிவிப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கையோடு கொண்டுபோன பெட்டியை மேசையில் வைத்து, கம்பியே இல்லாமல் 6.0 காட்டுவதைக் காட்டினார். எங்கள் தவறு, உங்கள் ஆள் எதையும் அமுக்கவில்லை, சைரன் அடிக்கவே இல்லை என்றார். முதலாளி நிதானமாகப் பார்த்தார்.

"இது நீங்க கொண்டாந்த பொட்டி சார். அத்த வுடுங்க. அவனே ஒத்துக்கினான். ஊருக்கு முன்னால, அம்மன் கோயில்ல, கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணான், நான்தான் அமுக்கினேன்னு. பண்ணவனே சொல்றான், நீங்க இன்னாத்துக்கு வந்து பொட்டி மேல போட்டுக்குறீங்க? பாவம் பாக்குறீங்களா?"

புதிய பெட்டி வந்தால் மாற்றிக்கொள்வதாகச் சொல்லி முதலாளி எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார். ஏழுமலையின் அறையில் வேறு குடும்பம் இருந்தது.

குப்பத்தில் ஏழுமலை தன் மைத்துனர் வீட்டில் இருந்தார். எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். அவர் மணலில் உட்கார்ந்தார், முதுகைச் சுவரில் ஒட்டி. அவர் மனைவி வாசற்படியில் நின்றிருந்தார். வேதாசலம் பெட்டியை மறுபடி எடுத்து, கம்பியில்லாமல் காட்டினார். நீங்கள் அமுக்கவில்லை, அமுக்க அங்கே சத்தமே இல்லை என்றார். எந்தப் பண்ணைக்கு வேண்டுமானாலும் உங்களோடு வந்து இதை நானே சொல்கிறேன் என்றார்.

ஏழுமலை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்தேன். அது நடக்கவில்லை.

"அப்ப அடிக்கவே இல்லியா சார்?"

"அடிக்கல."

"நான் மொதல்ல அதான் சொன்னேன். சத்தமே வரலன்னேன். யாரும் நம்பல. பொட்டி சரியாத்தான கீதுன்னாங்க. உங்க ஆளு வந்து அடிச்சிக் காட்டிட்டுப் போனாரு. ஊருல பெரியவங்க சொன்னாங்க, போலீசு கேசுன்னா தாங்கமாட்ட, அமுக்கினேன்னு சொல்லிட்டு மன்னிப்பு கேளு, வுட்ருவாருன்னு. சரின்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படி ஆயிப்போச்சி. தூக்கத்துல அமுக்கிட்டேன் போலக் கீதுன்னு நெனச்சிகினேன். நெனச்சிகினுதான் சத்தியம் பண்ணேன்."

வாசற்படியில் நின்ற அவர் மனைவி அப்போது கேட்டார். எங்களிடம் அல்ல, அவரிடம்.

"அப்ப அம்மன்கிட்ட பொய்ச் சத்தியமா பண்ண நீ?"

அவர் திரும்பவில்லை.

"புள்ள கடல்ல கீறான்யா" என்றார் அந்த அம்மா.

வேதாசலம் சொல்ல வாயெடுத்தார்: தெரியாமல் செய்தது, யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதைப் போல ஏதோ. ஏழுமலை கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தப் பொட்டிய எட்த்துகினு போங்க சார். ஊருல யார்கிட்டயும் காட்டாதீங்க. நான் அமுக்கினதாவே இருக்கட்டும்."

வேதாசலம் பெட்டியைப் பைக்குள் வைத்தார். உதவி என்று ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். அந்த அம்மா உள்ளே போய்விட்டார். மறுவாரம் முதல் எங்கள் நிறுவனத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தாலும் எதுவும் வெளியே போகக்கூடாது என்று விதி வந்தது. எல்லாப் பெட்டிகளையும் மாற்றினோம். விதியை எழுதியவர் வேதாசலம்தான். மாதங்கள் கழித்து அவராகவே வேலையை விட்டார். காரணம் கேட்டதற்கு, பார்வை மங்குகிறது என்றார். கண்ணாடிகூட அவர் போட்டதில்லை.

ஆகவே கேட்ட கேள்விக்கு வருகிறேன். முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்பது எனக்கு முக்கியமில்லை. இன்றைய பல மொழிகள் முழுவதையும் ஒருமுறை படித்துவிட்டு, எது எங்கே இருக்கிறது என்று தாமே தெரிந்துகொள்கின்றன. அவற்றுக்கு அறிவிப்பு வேண்டியதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதவைப்பது வீண் என்ற வேதாசலத்தின் கட்சி அங்கே செல்லும். தெரிந்துகொள்ள வழியில்லாத மொழி நம்மிடம் கேட்க வேண்டும். கேட்டுப் பதில் வராவிட்டால் நிற்க வேண்டும். தெரியாததை நல்ல விதமாக ஊகித்துக்கொண்டு தொடர்வதுதான் கூடாது. ஊகம் பலிக்கிற நாட்களில் அது யாருக்கும் தெரிவதில்லை. பலிக்காத நாளில் அதற்கான பொறுப்பு, புரோகிராம் எழுதியவரிடமோ கம்பைலர் செய்தவரிடமோ போவதில்லை. பெட்டிக்கு முன்னால் நிற்கிற ஆளிடம் போகிறது. குழுவில் அந்த ஒரு வரியைப் போட்டவர் கெட்டவர் அல்ல, அவசரத்தில் இருப்பவர். நாங்களும் அவசரத்தில்தான் இருந்தோம்.

இதை இத்தனை ஆண்டுகள் எழுதாமல் இருந்தது ஏழுமலை கேட்டுக்கொண்டதால். அவருடைய மகன் இப்போது கடலுக்குப் போவதில்லை, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டேன். அவனைப் பிடித்து, அவன் மூலம் அவரிடம் போனில் பேசினேன். எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோங்க மேடம்" என்றார். "என் பேரு, ஊரு பேரு ரெண்டும் மாத்திடுங்க. இங்க நான்தான் அமுக்கினேன்."